சுவரைப் பாவசங்கீர்த்தனம் செய்வது யார்?

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. குருவானவனின் வாயைத் திருச்சபைச் சட்டம் சாகும்வரை கட்டிப்போட்டிருக்கிறது. அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் கேட்காததைச் சொல்ல எந்தச் சட்டமும் தடையாக இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். தவக்காலத்தில், திருவிழாவுக்கு முந்தின நாள்களில், கால் வலிக்க வலிக்க வரிசையில் நின்று வருகிற சனங்கள். இத்தனை வருஷத்தில் ‘சாதி பார்த்தேன், மன்னியுங்க சாமி’ என்று ஒரு குரலும் அந்தக் கம்பித் தடுப்பைத் தாண்டி என் காதுக்கு வந்ததில்லை. யாரும் சொல்லாத பாவத்துக்கு இரகசியம் ஏது? அதனால் எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியது வகுப்பறை. நான் ஒரு குருமடத்தில் அறநெறி இறையியல் பாடம் எடுக்கிறவன். குருமடத்தின் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் எந்தக் குருமடத்தின் பெயரைப் போட்டாலும் இந்தக் கட்டுரையில் பெரிசாக ஒன்றும் மாறப்போவதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள், சாவான பாவத்துக்குரிய மூன்று நிபந்தனைகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கனமான காரியம், முழு அறிவு, முழு மனச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சூத்திரம். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். அதிகம் பேசாதவர்.

“ஃபாதர், எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துல நடுவுல ஒரு சுவரு இருக்கு. எங்க அப்பாயி அந்தப் பக்கம் கெடக்குறாங்க. அந்தச் சுவர யாரு ஃபாதர் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. யார் யார் சுவரின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல இருப்பதற்குப் பெயர்தான் குருமடத்தில் சகோதரத்துவம். நான் சாக்பீஸை வைத்துவிட்டு, “அது சமூகப் பாவம்ப்பா. அடுத்த செமஸ்டர்ல சமூகப் போதனை பேப்பர்ல வரும்” என்றேன்.

வரவில்லை. அந்தப் பேப்பரை எடுத்தவர் 1891இன் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் தொடங்கி, தனிச்சொத்து, தொழிற்சங்கம், நியாயக் கூலி என்று ஒழுங்காகத்தான் நடத்தினார். அந்தச் சுவர் ஐரோப்பாவில் இல்லை, ஆகவே பாடத்திலும் இல்லை. இரண்டு பேப்பருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் கேள்வி விழுந்துபோயிற்று. அந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று என்று தேடிப் போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே வைக்கிறேன்.

இன்று அறநெறி இறையியல் என்று தனிப் பாடமாகச் சொல்லித்தருகிற சரக்கு, தொட்டிக்காகச் செய்யப்பட்டது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் வருஷத்துக்கு ஒருதடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று விதித்தது. 1551இல் திரெந்துச் சங்கம் இன்னும் இறுக்கிக் கட்டியது: குரு அங்கே நீதிபதியின் இடத்தில் இருக்கிறார், சாவான பாவங்களை ஒவ்வொன்றாக, அவற்றின் வகையை மாற்றக்கூடிய சூழ்நிலைகளோடு சேர்த்துச் சொல்லவேண்டும். நீதிபதி வேண்டும் என்றால் அவனைத் தயாரிக்க ஒரு பள்ளிக்கூடமும் வேண்டும். 1599இல் இயேசு சபையின் கல்வித்திட்டம் மனசாட்சி வழக்குகளுக்கென்று தனி வகுப்பை ஒழுங்குபடுத்தியது. அடுத்த வருஷமே ரோமாபுரியில் ஹுவான் அசோர் எழுதிய பெரும் பாடநூலின் முதல் பாகம் அச்சாயிற்று. அது தொடங்கி 1960கள்வரை வந்த பாடநூல்களில் பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு ஒன்றுதான். கட்டளைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே பாவங்கள், அவற்றின் கனம், விதிவிலக்குகள். இன்றைக்கும் 1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம், எண் 988, பாவத்தின் வகையையும் எண்ணிக்கையையும் கேட்கிறது. என்ன செய்தாய், எத்தனை தடவை. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லக்கூடியதுதான் பாவம் என்றாகிவிடுகிறது.

அச்சு வரலாறு பேசும் நண்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான பெருமையை நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. 1580இல் அதே கொச்சியில் அண்ட்ரிக் அடிகளார் அச்சிட்ட அடுத்த புத்தகம் ‘கொம்பெசியொனாயரு’, பாவசங்கீர்த்தனக் கையேடு. அதாவது அசோரின் புத்தகம் ரோமாபுரியில் வருவதற்கு இருபது வருஷம் முன்னாலேயே, பாவத்தை விசாரித்துக்கொள்ளும் முறை தமிழில் அச்செழுத்தாகிவிட்டது. செய்யுளும் உரையும் மட்டுமே ஏட்டில் கிடந்த மொழியில், ‘நான் என்ன செய்தேன்’ என்று ஒற்றை ஆள் தன்னையே கேட்டுக்கொள்ளும் உரைநடை எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் இந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போகமுடியாது என்றே தோன்றுகிறது.

ஃபூக்கோவைப் படித்தவர்கள் இதற்குள் தலையாட்ட ஆரம்பித்திருப்பார்கள். 1976இல் பாலியல் வரலாற்றின் முதல் பாகத்தில் அவர் சொன்னது இதுதானே: பாவசங்கீர்த்தனம் மேற்கத்திய மனிதனைப் பேச வைத்தது, பேசவைத்ததன் மூலம் அவனை ஒரு தன்னிலையாக்கியது. அவர் இறந்து முப்பத்திநான்கு வருஷம் கழித்து, 2018இல் வெளிவந்த நான்காம் பாகமும் திருச்சபைத் தந்தையரின் எழுத்துகளில் உடல், இச்சை, கன்னிமை ஆகியவற்றையே துருவுகிறது. எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பழைய பாடநூல் எந்த இடத்தை முறைத்துப் பார்த்ததோ அதே இடத்தைத்தான் ஃபூக்கோவும் பார்க்கிறார். பேசவைப்பதில் அதிகாரம் இருக்கிறது, சரி. கேட்காமலே விட்டுவிடுவதில் இருக்கிற அதிகாரத்தை என்ன செய்வது? நம் ஊர்த் தொட்டியின் கம்பித் தடுப்பு ஒரு சல்லடை. எது உள்ளே விழுந்தது என்பதைவிட எது மேலேயே நின்றுவிட்டது என்பதில்தான் நம் கதை இருக்கிறது. நிறப்பிரிகைக் காலத்திலிருந்து அதிகாரம் பற்றி இவ்வளவு எழுதியும், இந்தப் பக்கத்தை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சாதி எப்படிச் சல்லடையின் மேலேயே நின்றது? நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் எல்லாம் மதச் சடங்கா, வெறும் சமூக வழக்கமா என்ற சண்டை கோவா தாண்டி ரோமாபுரிவரை போயிற்று. 1623இல் பதினைந்தாம் கிரகோரி அவற்றைச் சமூக வழக்கம் என்ற கணக்கில் நிபந்தனைகளோடு அனுமதித்தார். பண்பாட்டுமயமாக்கலின் முன்னோடி என்று நொபிலியைக் கொண்டாடாத குருமடம் கிடையாது. நானும் கொண்டாடியவன்தான், அவருடைய தமிழுக்காகவும் துணிச்சலுக்காகவும் இப்போதும் மதிக்கிறேன். ஆனால் அறநெறிப் பாடத்தின் மொழியில் அங்கே நடந்தது என்ன? தன்னளவில் நன்மையுமில்லை, தீமையுமில்லை என்று ஒரு பெட்டி எங்கள் பாடத்தில் உண்டு. நடப்பது, தாடி தடவுவது மாதிரியான காரியங்களுக்கு உரியது. பூணூலோடு சேர்ந்து, அதைப் போட்டவனையும் போடாதவனையும் பிரிக்கிற ஏற்பாடும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் மலபார்ச் சடங்குச் சண்டைக்கு ஒருவழியாக முடிவு கட்டினார். அந்த முடிவில் பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைப்பது என்ற ஏற்பாடும் ஒப்புக்கொள்ளப்பட்டது. சடங்கை ஒதுக்கினார்கள், சாதிக்கு ஆள் போட்டார்கள்.

பிறகு கல்லும் சுண்ணாம்பும். 1872இல் வடக்கன்குளத்தில் பீடத்தில் ஒன்றாகவும் சனங்கள் நிற்கிற பக்கத்தில் இரண்டாகவும் பிரிகிற கோயிலையே எழுப்பினார்கள். நடுச்சுவர் 1910இல் இடிபட்டது. இடித்தவர் ஒரு குரு. பிள்ளைமாரும் முதலிமாரும் வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். இதைப் பெருமையாகச் சொல்லும்போது, அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்றவர்கள் நாடார்கள் என்பதையும், அந்தச் சுவர் விழுந்ததால் தலித்துகளின் சுவர் ஒன்றும் விழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவர் இந்த நூற்றாண்டில்தான் பத்திரிகைகளில் அடிபட்டது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு வன்னியக் கிறிஸ்தவர்கள் செத்தார்கள். அந்த வருஷத் தவக்காலத்திலும் எல்லாக் கோயில்களிலும் வரிசை நீளமாகத்தான் இருந்தது.

இனி பாடநூலுக்குள் வருகிறேன். அதைக் குப்பை என்று தூக்கிப்போட என்னால் முடியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் சங்கடம். ஏழாம் கட்டளைக்கு, களவுக்கு, வாருங்கள். எவ்வளவு திருடினால் சாவான பாவம்? பழைய ஆசிரியர்கள் இரண்டு அளவுகோல் வைத்திருந்தார்கள். பணக்காரனிடம் திருடினாலும் கனமாகிற ஒரு தொகை உண்டு. ஏழையிடம் என்றால் தொகை பார்க்காதே, அவனும் அவன் குடும்பமும் ஒருநாள் சாப்பிடுகிற காசை எடுத்தாலே கனம். பறிகொடுத்தவனின் வயிற்றிலிருந்து பாவத்தை அளக்கிற கணக்கு இது. இதைவிட நல்ல கணக்கை நம் இடதுசாரி நண்பர்கள் எழுதியிருந்தால் காட்டுங்கள்.

இன்னொன்று, சில்லறைத் திருட்டு. கடைக்காரன் தினமும் தராசில் கொஞ்சம் கொஞ்சம் அமுக்குகிறான். ஒவ்வொரு தடவையும் அற்பப் பாவம்தானே, மொத்தம் எவ்வளவு ஆனாலும் திருப்பிக் கொடுக்கும் கடமை சாவான பாவத்தின் அளவுக்குப் போகாதே என்று சில தாராளக்கார ஆசிரியர்கள் எழுதினார்கள். 1679இல் பதினொன்றாம் இன்னொசெந்து கண்டனம் செய்த 65 கருத்துகளில் இதுவும் ஒன்று. கூடாது, சில்லறை சேர்ந்தால் கனம்தான், திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடிந்தும் கொடுக்க மனமில்லாதவனுக்குப் பாவமன்னிப்புக் கிடையாது.

இதை நடத்தும்போது நான் நிறுத்திக் கேட்டிருக்கவேண்டும். தனித் தம்ளர் ஒரு சில்லறை. தேர் அந்தத் தெருவுக்குள் வராமல் திரும்பிப் போவது ஒரு சில்லறை. ‘எந்தத் தெரு?’ என்று கேட்டுவிட்டு முகம் மாறுவது ஒரு சில்லறை. கல்லறைக் குழியில் இடம் மாற்றிக் காட்டுவது ஒரு சில்லறை. தராசுக்காரனின் சில்லறையைக் கூட்டத் தெரிந்த பாடம் இந்தச் சில்லறையை நானூறு வருஷமாகக் கூட்டவில்லை. கூட்டியிருந்தால் திருப்பிக் கொடுக்கும் கடமை வந்திருக்கும். எதை, யாரிடம், எவ்வளவு என்ற கேள்வி வந்திருக்கும். பள்ளிக்கூட இடங்கள், வேலை, நிலம், பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற உரிமை எல்லாம் கணக்கில் ஏறியிருக்கும்.

அதே பாடநூலில் ஆறாம் கட்டளைக்கு வந்தால் தராசே கிடையாது. 1612இல் இயேசு சபைத் தலைவர் அக்குவாவிவா, வேண்டுமென்றே தேடிய பாலின்பத்தில் ‘அற்பமான காரியம்’ என்று ஒன்று உண்டு என்று தம் சபையார் கற்பிக்கக்கூடாது எனத் தடைபோட்டார். எல்லாமே கனம். களவில் காசு எண்ணலாம், கொலையில்கூடத் தற்காப்பு பேசலாம், இங்கே மட்டும் துளியும் கடல்தான். இந்தப் பாடத்தில் வளர்ந்த இளைஞன் தொட்டிக்கு வந்தால் எதைச் சொல்வான், எதை மறந்துபோவான் என்பதற்குத் தனியாக ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஏணி வழக்கையும் சொல்லிவிடவேண்டும். சாயங்காலத்தில் கன்னியர்களுக்கும் பொதுநிலையினருக்கும் ஒரு வகுப்பு எடுப்பேன். பிறர் பாவத்தில் ஒத்துழைப்பது பற்றிய பாடத்துக்கு எங்கள் துறையில் ஒரு பழைய உதாரணம் உண்டு, அதே 1679ஆம் வருஷப் பட்டியலில் வருவது. எசமான் ஒரு கன்னிப்பெண்ணைக் கெடுக்க ஜன்னல் வழியாக ஏறுகிறான். வேலைக்காரன் தோள் கொடுக்கிறான், ஏணி சுமக்கிறான், கதவைத் திறந்துவிடுகிறான். மாட்டேன் என்றால் அடி விழும், வேலை போகும். பயத்தில் செய்ததால் வேலைக்காரனுக்குச் சாவான பாவம் இல்லை என்று சிலர் சொன்னதை இன்னொசெந்து கண்டனம் செய்தார். மறு நூற்றாண்டில் அல்போன்ஸ் லிகோரியும் இதோடு மல்லுக்கட்டினார். நான் உள்ளெண்ணத்தோடு செய்யும் ஒத்துழைப்பு, புறவேலையில் மட்டும் ஒத்துழைப்பு, அருகில், தூரத்தில் என்று பலகை நிறையப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு சிஸ்டர் கேட்டார்: “ஏணி புடிச்சவன் பாவத்தப் பத்தி இவ்வளவு இருக்கு. அந்தப் பொண்ணு எங்க ஃபாதர்?”

வழக்கில் அவள் ஒரு சூழ்நிலை. ஜன்னலைப்போல. பாடம் இரக்கமில்லாதது என்று சொல்லமாட்டேன்; வேலைக்காரனின் பயத்தை எண்ணிப் பார்க்கிற அளவுக்கு நுணுக்கமானது. ஆனால் தொட்டிக்கு வருகிறவன் வேலைக்காரன். எசமான் வந்தால் அவனுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அவள் பாவம் செய்யவில்லை, ஆகவே அவளுக்கு வரிசையில் இடமில்லை, ஆகவே பாடத்திலும் இல்லை. பாவம் செய்தவனைச் சுற்றியே கட்டிய அறத்தில், பாவத்துக்கு ஆளானவர் பேசுவதற்கு வாய் கிடையாது.

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு 2021ஆம் வருஷத்தைச் சொல்கிறேன். குருக்கள் சிறுவர் சிறுமியரிடம் செய்யும் பாலியல் வன்முறை 1983ஆம் வருஷத்துச் சட்டத்தில் 1395ஆம் எண்ணில் இருந்தது. அது எந்தத் தலைப்பின் கீழே தெரியுமா? குருக்களுக்குரிய தனிக் கடமைகளை மீறும் குற்றங்கள் என்ற தலைப்பின் கீழே. அதாவது குரு தன் கற்புக் கடமையில் தவறிவிட்டார். பிள்ளை? ஏணி வழக்கின் கன்னிப்பெண் மாதிரி, சூழ்நிலை. 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அது 1398ஆம் எண்ணுக்கு மாறி, மனித உயிர், மாண்பு, சுதந்திரம் ஆகியவற்றுக்கு எதிரான குற்றங்கள் என்ற தலைப்புக்குக் கீழே வந்தது. ஒரு பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்க ஒரு தலைப்பு மாறுவதற்கு இத்தனை வருஷம். வாசகத்துக்குள்ளே இன்னும் ‘ஆறாம் கட்டளைக்கு எதிரான குற்றம்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. வீடு மாறினாலும் பழைய பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

குருமட ஆசிரியர்கள் கூடுகிற இடங்களில் ஒரு புலம்பல் உண்டு. இன்றைய மாணவர்களுக்கு அறம் என்பதே ஆளுக்கு ஒன்று, எல்லாம் சார்புநிலை, கைப்பேசித் தலைமுறை. 2005 ஏப்ரலில், போப்பாண்டவர் தேர்தலுக்கு உள்ளே போகும் முன்னால் கர்தினால் ராட்சிங்கர் சார்பியல்வாதத்தின் சர்வாதிகாரம் பற்றிப் பேசியதிலிருந்து இந்தப் புலம்பலுக்கு நல்ல மேற்கோளும் கிடைத்துவிட்டது. என் அனுபவம் நேர் எதிர். என் மாணவர்கள் சில விஷயங்களில் அப்படிப்பட்ட கறார்ப் பேர்வழிகள். சாதி தப்பு, எந்த ஊரிலும் தப்பு, எந்தக் காலத்திலும் தப்பு. பெண்ணின் விருப்பத்துக்கு மாறாகத் தொட்டால் தப்பு, யார் தொட்டாலும் தப்பு. அங்கே சூழ்நிலை, நோக்கம், படிப்படியாக, மேய்ப்புப்பணி அணுகுமுறை, ஊர் ஒற்றுமை, பெரியவங்க மனசு என்றெல்லாம் இழுக்கிறவர்கள் நாங்கள். சார்பியல்வாதிகள் மேடையில் இருக்கிறார்கள், பெஞ்சில் இல்லை.

சரி, ரோமாபுரியின் ஏடுகளில் இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது, அதுதான் எங்களைக் குற்றவாளியாக்குகிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏடு, 27ஆம் எண்ணில், மனித மாண்பைக் கெடுப்பவற்றை வரிசையாகச் சொல்கிறது: கொலை, கருக்கலைப்பு, அடிமைத்தனம், மனிதருக்குத் தகாத வாழ்க்கை நிலை, தொழிலாளியை வெறும் கருவியாக நடத்தும் வேலை. 1993இல் இரண்டாம் ஜான் பால், ‘வெரித்தாத்திஸ் ஸ்பிளெந்தோர்’ சுற்றுமடலில், எந்தச் சூழ்நிலையிலும் எந்த நோக்கத்தாலும் சரியாக்க முடியாத தீச்செயல்களுக்கு இதே பட்டியலை எடுத்துப் போடுகிறார். அந்தச் சுற்றுமடலை நான் பத்துத் தடவைக்கு மேல் நடத்தியிருக்கிறேன். பரீட்சையில் அதிலிருந்து கேட்டதெல்லாம் கருத்தடை. மலக்குழியில் இறக்கப்படுகிற மனிதனின் வேலை அந்தப் பட்டியலுக்குள் வருகிறதா என்று ஒரு வினா எடுத்ததில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. தோன்றவில்லை.

1984இல் அதே போப்பாண்டவர் ஒப்புரவு பற்றிய ஏட்டில் சமூகப் பாவம் என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாள்கிறார்: பாவம் எப்போதும் ஆளுடையது, கட்டமைப்பு பாவம் செய்யாது. விடுதலை இறையியல் நண்பர்கள் இதைப் பின்வாங்கல் என்று திட்டினார்கள், நானும் திட்டினேன். இப்போது திரும்பப் படித்தால் ஒன்று கண்ணில் படுகிறது. அந்தத் தனி ஆள்களின் பட்டியலில் தீமையைச் செய்தவன் மட்டும் இல்லை. அதனால் ஆதாயம் அடைபவன், தடுக்க முடிந்தும் சோம்பலாலோ பயத்தாலோ வாயை மூடிக்கொண்டோ தடுக்காதவன் என எல்லோரும் வருகிறார்கள். சுவரை யார் கட்டினார் என்று தேடவேண்டியதில்லை, செத்துப்போயிருப்பார். சுவருக்கு வெள்ளையடிக்கிற பங்குப் பேரவை, ஒவ்வொரு நவம்பர் 2ஆம் தேதியும் அதைத் தாண்டி நடந்து கல்லறைகளை மந்திரிக்கிற குரு, அந்தக் குருவுக்குப் பாடம் எடுத்த நான். என் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, எத்தனை தடவை என்றுகூடச் சொல்லலாம். ‘அது சமூகப் பாவம்ப்பா’ என்று சொன்னபோது அந்த மாணவருக்கு நான் கொடுத்தது பதில் அல்ல, தப்பிக்கும் வாசல். எனக்கும் அவர் ஊர்ப் பங்குப் பேரவைக்கும் சேர்த்து.

2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஓர் ஏடு வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதைக் கனமான சமூகப் பாவம் என்றது. 2022இல் முதல் தலித் கர்தினால் வந்தார். இவை சின்ன விஷயமில்லை. ஆனால் ‘கனமான’ என்று எழுதிவிட்டுத் தொட்டியைக் காட்டாவிட்டால், திருப்பிக் கொடுத்தலைச் சொல்லாவிட்டால், அந்தச் சொல் எங்கள் பாடத்தில் எந்த வேலையும் செய்யாது. ஏடு நூலகத்தில் இருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ம் அங்கே இருக்கிறது, 1992இல் வந்த புத்தகம், கன்னியர் மடத்துக்குள் போய் வெளியே வந்த ஒரு தலித் பெண் எழுதியது. அறநெறி அடுக்கில் தேடாதீர்கள். ‘தமிழ் இலக்கியம் – தன்வரலாறு’ என்ற அடுக்கில் இருக்கிறது. நூலகரைக் குறைசொல்ல மாட்டேன், வேறு எங்கே வைக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன்?

குருப்பட்டத்துக்கு முன்னால் எங்களிடம் ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. பாவசங்கீர்த்தனம் கேட்கத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது. தேர்வாளர்கள் பாவிகளாக நடிப்பார்கள், மாணவர் குருவாக உட்கார்ந்து கேட்பார். பெரும்பாலும் நாங்கள் நடிக்கிற பாவங்கள் கருக்கலைப்பு, கள்ளத்தொடர்பு, பூசை முறித்தது, ஆபாசப் படம். இருபது வருஷமாக ஒரே நாடகம்.

சுவரைப் பற்றிக் கேட்ட அந்த மாணவர் தேர்வுக்கு வந்தபோது, நான் வேறொன்று நடித்தேன். முன்கூட்டித் திட்டமிடவில்லை, வாயில் வந்துவிட்டது. முழங்கால் போட்டுச் சிலுவை அடையாளம் வரைந்து சொன்னேன்:

“சாமி, நான் ஊர்ல கல்லறைக் கமிட்டித் தலைவரா இருக்கேன். எங்க தோட்டத்துல நடுவுல ஒரு சுவரு இருக்கு. அது இருக்கணும்னுதான் இத்தன நாளும் பேசியிருக்கேன். இப்ப மனசு உறுத்துது.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு கணம் வகுப்பறையில் பார்த்த அதே முகம். பிறகு குனிந்துகொண்டார். நான் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொடுத்த குரலில், மெதுவாக, பிசகில்லாமல் கேட்டார்:

“எத்தனை தடவை?”

பக்கத்திலிருந்த தேர்வாளர் தலையசைத்துத் தாளில் குறித்துக்கொண்டார். நானும் பாஸ்தான் போட்டேன்.